கையெழுத்துக்கான இடம்

முசாபாவில் ஏழாம் அறை. எட்டுக் கட்டில், ஒன்று காலி.
ஷஃபிகுலை வெள்ளை உடுப்புக்காரர்கள் கூட்டிப்போன பிறகு
அவன் தலையணையை யாரும் தொடவில்லை.
வாசலில் சிவப்பும் வெள்ளையுமாக நாடா.
அதற்கு அந்தப் பக்கம் சாப்பாட்டை வைத்துவிட்டு
இரும்புக் கதவைத் தட்டிவிட்டு ஓடுவான் காவலாளி தில் பகதூர்.
சாம்பாருக்கும் பருப்புக்கும் நடுவில் ஏதோ ஒன்று.

இருபத்தாறாம் நாள் சாப்பாட்டோடு காகிதம் வந்தது, ஆளுக்கு ஒன்று.
இடது பாதி ஆங்கிலம், வலது பாதி அரபி, அடியில் ஒரு கோடு.
டைம்கீப்பர் பிலிப்போஸ் முகக்கவசத்துக்குள்ளிருந்து சொன்னார்:
“ஒண்ணுமில்லை, கம்பெனி தப்பிக்க ஒரு ஒப்பு.
நாலு மணிக்கு வந்து வாங்கிக்குவேன்.”

துரைக்கண்ணுதான் எங்களில் இங்கிலீஷ் கூட்டிப் படிப்பவன்.
விரலை வைத்து வைத்துப் போனான்.
பாதிச் சம்பளம் என்ற இடத்தில் நின்றான்.
மறு அறிவிப்பு வரும்வரை என்ற இடத்தில் நின்றான்.
பிறகு ஓரிடத்தில் விரல் நகரவேயில்லை.
“என்னடா?”
“என் சொந்த விருப்பத்தின் பேரில்னு போட்டிருக்கு.”

யாரோ சிரித்தார்கள். நானாகவும் இருக்கலாம்.

பதினோரு வருஷத்தில்
என் விருப்பத்தைக் கேட்டு வந்த முதல் காகிதம் அது.
பாஸ்போர்ட்டை வாங்கிப் பூட்டியபோது கேட்கவில்லை.
ஆகஸ்ட் வெயிலில் சாரத்தின் உச்சிக்கு ஏற்றியபோது கேட்கவில்லை.
இப்போது கேட்கிறார்கள் என்றால்
எங்கோ ஒரு சட்டம் அதைக் கேட்கச் சொல்லியிருக்கிறது.
என்னிடம் இல்லாத பொருளுக்கு
எவனாவது வந்து காகிதம் நீட்டுவானா?

போடாவிட்டால் முதல் விமானத்தில் ஏற்றிவிடுவான் என்றான் ஒருவன்.
விமானமே ஓடலையே என்றான் இன்னொருவன்.
பேனா ஒன்றுதான் இருந்தது.
சானிடைசர் தடவித் தடவிக் கை மாற்றினோம்.
துரைக்கண்ணு தன் பேரை முழுசாக எழுதினான்,
ஊரில் மாதா மாதம் வாசலில் வந்து நிற்கிற வட்டிக்காரனை நினைத்து.

நான் கோட்டின் மேல் எழுதினேன்,
முதலெழுத்தைச் சுழித்து, நடுவில் சாய்த்து,
அடியில் ஒரு இழுப்பு, முடிவில் இரண்டு புள்ளி,
பார்த்தால் கையெழுத்தென்றே தெரிகிற மாதிரி:
சம்மதமில்லை.

பிலிப்போஸ் எச்சில் தொடாமல் எண்ணினார்.
இருநூற்றுப் பன்னிரண்டு. சரி என்றார்.

வீரம் என்று எண்ணிவிட வேண்டாம்.
வீரமிருந்தால்
அவர்களுக்குப் புரிகிற மொழியில் எழுதியிருப்பேன்.

அடுத்த பிப்ரவரியில் கோர்ட்டு கைப்பேசிக்குள் வந்தது.
கேம்ப்பில் சிக்னல் நிற்கிற ஒரே இடம் குளியலறை.
சோப்புப் பெட்டியில் போனைச் சாய்த்து
இஸ்திரி போட்ட சட்டையும் கைலியுமாக நின்றேன்.
சட்டை மட்டும்தானே தெரியும்.
நீதிபதி ஒரு சதுரம், கம்பெனி வக்கீல் ஒரு சதுரம்,
மொழிபெயர்க்கிற அம்மா ஒரு சதுரம்.
வக்கீல் அந்தக் காகிதத்தைத் தூக்கிப் பிடித்தார்:
இதோ, இவர் ஒப்புக்கொண்ட கையெழுத்து.

அந்த அம்மா திரையை நெருங்கி வந்தார்.
இன்னும் கிட்டக் காட்டச் சொன்னார்.
பிறகு வாய்விட்டுப் படித்தார், தமிழில் ஒருமுறை,
அரபியில் ஒருமுறை.
அரபியில் அது கொஞ்சம் நீளமாக இருந்தது.
நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார்.
“உள்ள எவ்வளவு நேரம்டா?” என்று
வெளியே எவனோ கதவை இடித்தான்.

பிடித்த பாதிச் சம்பளம் மொத்தமும் திரும்பி வந்தது.
தீர்ப்பில் என் பெயர் மட்டும்தான்.
மற்ற இருநூற்றுப் பதினொரு பேர்
சொந்த விருப்பத்தின் பேரில் சொந்தப் பேரை எழுதியவர்கள்.

துரைக்கண்ணு கையைப் பிடித்து நல்லா இரு என்றான்.
அன்றைக்கு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே
என்று அவன் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் பதில் இல்லை.
அந்த வரியைக் கண்டுபிடித்தது அவன் விரல்.
அந்தப் பேனா
அவன் கையிலிருந்துதான் என் கைக்கு வந்தது,
ஈரம் காயாமல்.